மைனஸ் நாற்பது சப்பாத்து

எனக்குக் குளிர் என்றால் பயம். பிடிக்காது என்று சொல்கிறவர்கள் வேறு, நான் வேறு. ரொறன்ரோவில் தமிழ்ச்சனம் முழுக்கக் குளிரைத் திட்டும். திட்டி முடித்துவிட்டுத் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும். நான் திட்டுவதே இல்லை. பாம்பைக் கண்டால் யாராவது நின்று திட்டுவார்களா? விலகித்தான் போவோம். நவம்பர் பிறந்தால் நானும் விலகிப் போகத் தொடங்கிவிடுவேன். வீட்டிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து வேலை, வேலையிலிருந்து திரும்ப வீடு. இடையில் வெளியே நிற்கிற நேரமெல்லாம் சப்பாத்துக்குள் கால்விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அசைகிறதா, அசைகிறது. நோகிறதா, நோகிறது. அப்படியென்றால் சரி.

இந்தப் பயம் சும்மா வந்து ஒட்டியதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரின் பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியை எடுத்து ஐந்தாறு பேர் ஒன்றாக இருந்தோம். எங்களில் மூத்தவரை அண்ணை என்று கூப்பிடுவோம். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை அவருக்கு. ஒரு ஜனவரியில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, வேலையில் நனைந்த கன்வஸ் சப்பாத்தோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். வந்தவர் ஒருவரோடும் கதைக்காமல் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். பிறகு நாங்கள் அவரை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம். கட்டிலில் சாய்ந்திருந்தபடி போர்வையை விலக்கிக் காட்டினார். இடது காலில் மூன்று விரல்கள் சுட்ட கத்தரிக்காய் மாதிரிக் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன.

"முதல்ல தாங்கேலாத நோ, தம்பி. கண்ணால தண்ணி ஓடுது," என்றார். "பிறகு அப்பிடியே நோ நிண்டு போச்சு. அப்பாடா, கால் சூடாகீட்டுது போல எண்டு சந்தோசமா நடந்து வந்தன். நோகேக்க பயந்தன். உண்மையில நோ நிண்ட உடனதான் நான் பயந்திருக்க வேணும்."

அந்த மூன்று விரல்களையும் எடுத்துவிட்டார்கள். அவர் பிறகு நன்றாகத்தான் இருந்தார். கடை வைத்தார், கலியாணம் செய்தார், அரைக் காலோடு கிரிக்கெட்டும் விளையாடினார். நான்தான் நன்றாக இல்லை. அவர் கடைசியாகச் சொன்னது என் மண்டைக்குள் குடியேறி, வாடகையும் கொடுக்காமல் வருடக்கணக்காக இருந்தது.

சில வருடங்களில் எனக்கும் கலியாணமாகி, மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அதே பார்க்டேலில் ஓர் உயரமான கட்டடத்தில் அப்பார்ட்மென்ற் எடுத்தோம். அவளுக்கு எதற்கும் பயமில்லை. பயமில்லாத ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமென்று நினைக்க வேண்டாம். அவளுடைய பங்குப் பயத்தையும் சேர்த்து நானே பயப்பட வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு டேகெயரில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்குப் போனாள். அங்கே அவளோடு வேலை செய்த ஒரு கனேடியப் பெண், ஐம்பது வயதிருக்கும், ஒவ்வொரு பெப்ரவரியும் புருஷனோடு வடக்கே காட்டுக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்குகிறவர். இதை மனைவி முதலில் வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படியும் சனம் இருக்கிறதே என்றேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் பின்னேரம் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவள், தலை நிமிராமல், "இஞ்சேருங்கோ, இந்த முறை நாங்களும் காம்பிங் போறம். அவையோட," என்றாள்.

"ஆடியில தானே?"

"பெப்ரவரியில."

"பெப்ரவரியிலயோ! எங்க தங்கிறது?"

"கூடாரத்தில."

"ஹீற்றர் இருக்கோ?"

"கூடாரத்துக்குள்ள என்னண்டு ஹீற்றர் வைக்கிறது?"

"அப்ப அது காம்பிங் இல்லையப்பா, செத்தவீடு. விசரே உமக்கு?"

அவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண் இரண்டும் வெங்காயத்தில் சிவந்திருந்தன. "அரை வருசம் கோழி மாதிரி அடைஞ்சு கிடக்கிறம். நீங்கள் யன்னலுக்குள்ளால பனியைப் பாத்துப் பெருமூச்சு விடுறதைப் பாக்க எனக்குச் சீவன் போகுது. இனி இந்த நாட்டிலதானே இருக்கப் போறம்? பயந்து பயந்து எத்தினை வருசத்துக்கு? வந்தால் வாங்கோ. வராட்டி நான் அவையோட போறன்."

போறன் என்றால் போவாள். அவள் அங்கே பனிக்குள் கிடக்க, நான் இங்கே ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு அவளோடு சேர்ந்து விறைத்துப் போவதே மேல் என்று பட்டது. சரி, வாறன் என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். சாமான் முழுக்க என்னுடைய தெரிவு. அதில் அவள் வாய் திறக்கக் கூடாது.

டவுண்டவுனில் காம்பிங் சாமான் மட்டுமே விற்கிற பெரிய கடையொன்று இருந்தது. அந்த மாதம் அங்கே வேலை செய்தவர்கள் என்னைக் கண்டு அலுத்திருப்பார்கள். கடைக்குள் நல்ல சூடு. மரத்தரையில் கூடாரங்களை அடித்து வைத்திருந்தார்கள். சனம் சிரித்துக்கொண்டே உள்ளே புகுந்து படுத்துப் பார்த்தது. எனக்கு அந்த இடத்தில் ஆஸ்பத்திரி மணம் அடித்தது. உண்மையாக அடித்திருக்காது, ஆனால் எனக்கு அடித்தது.

முதலில் சிலீப்பிங் பாக். உள்ளே புகுந்து, கழுத்துவரை சிப்பை இழுத்துவிட்டுப் படுக்கிற மெத்தைப் பை. ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் எழுதியிருந்தது. மைனஸ் ஏழு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் முப்பது. மைனஸ் முப்பது என்றால் அந்தக் குளிரில் இதற்குள் சுகமாக நித்திரை கொள்ளலாமா என்று கடைக்காரரைக் கேட்டேன். தாடி வைத்த, பதற்றமே இல்லாத மனிதர். அப்படியில்லை, அந்தக் குளிரில் இதற்குள் கிடந்தால் விடியும்போது உயிரோடு இருப்பீர்கள் என்றுதான் அர்த்தம், நித்திரை வருவது உங்களைப் பொறுத்தது என்றார். இன்றைக்கு மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னார். இதைவிடக் கீழே போகிற பை இல்லையா என்றேன். அவர் மேல்தட்டில் ஏறி, வாத்துச் சிறகு அடைத்த ஒன்றை இறக்கினார். கன்றுக்குட்டி அளவில் வந்து விழுந்தது. வாடகைக்கும் கொடுப்போம் என்றார். இரண்டு என்றேன்.

அடுத்தது உடுப்பு. அதற்கு நான் வீட்டிலிருந்தே ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். உள்ளே நல்ல பருத்தி பெனியன், அதற்கு மேல் இன்னொரு பெனியன், கீழே ஜீன்ஸ். தாடிக்காரர் தலையை ஆட்டினார். பருத்தி ஆளைக் கொல்லும் என்றார். வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம், காயாதாம், பிறகு அந்த ஈரமே உடம்பை உறைய வைக்குமாம். பிறந்த நாள் முதல் பருத்திதான் என் உடம்பில் பட்டது. உலகத்தில் நல்ல சாமான் என்று நான் சந்தேகமில்லாமல் நம்பிய ஒன்று, அதுவும் கொல்லுமாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து என் பெனியன்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி பின்னால் வந்து, "என்ன, அதுகளுக்கும் பயமோ?" என்றாள்.

குளிர் மேலே இருந்து வருவதைவிடக் கீழே இருந்துதான் கூட வரும் என்பதும் அந்தக் கடையில் அறிந்ததுதான். படுத்திருக்கிறவனின் சூட்டை நிலம் உறிஞ்சி எடுத்துவிடுமாம். அதனால் ஆளுக்கு இரண்டு நுரைப்பாய் வேண்டும் என்றார் தாடிக்காரர். நான் ஆளுக்கு மூன்று எடுத்தேன். வாய் திறக்கக் கூடாத மனைவி, "ஆனையோ படுக்கப் போகுது?" என்று அவருக்கு முன்னாலேயே கேட்டாள். அவருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் சிரித்தார்.

இதெல்லாம் ஒரு பக்கம். சப்பாத்து ஒரு பக்கம். சப்பாத்துக்காக நான் அந்தக் கடைக்கு மட்டும் போகவில்லை. அடுத்த நகரமான ஒஷாவாவரை போய் ஒரு கடையில் பார்த்தேன். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் வாங்குகிற இடம் என்று வேலைத்தலத்தில் யாரோ சொன்னார்கள். தோலைத் தட்டிப் பார்த்தேன், அடியை வளைத்துப் பார்த்தேன், கையை உள்ளே விட்டு விரல்நுனி வரைக்கும் தடவிப் பார்த்தேன். அண்ணையின் மூன்று விரல்களும் ஒவ்வொரு சப்பாத்துக்குள்ளும் கிடப்பது போலவே இருந்தது. கடைசியில் அதே தாடிக்காரரிடம் திரும்பி வந்துதான் வாங்கினோம். வெளியே றப்பரும் தோலும், உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய தடித்த கம்பளிச் சப்பாத்து. கட்டியிருந்த அட்டையில் மைனஸ் நாற்பது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இறுக்கிக் கட்டக் கூடாது, விரல் அசைய இடமிருந்தால்தான் இரத்தம் ஓடும் என்றார் அவர். மனைவியைப் போட்டு நடக்கவிட்டு, நான் தரையில் குந்தியிருந்து முன்பக்கத்தை அமத்திப் பார்த்தேன்.

"இதைப் போட்டுக்கொண்டு நான் நடக்கிறதோ, உருள்றதோ?"

"விரலை அசையும்."

"அசைக்கிறன்."

"எல்லா விரலும் அசையுதோ?"

"அசையுதப்பா! எழும்புங்கோ, சனம் பாக்குது."

அத்தோடு விட்டேனா? வீட்டில் பல்கனியில் வைத்துச் சோதனை செய்தேன். நல்ல காற்றடித்த ஒரு சனிக்கிழமை, அவளுக்கு எல்லா உடுப்பையும் போடவைத்து, சப்பாத்தையும் மாட்டி, பல்கனியில் நிறுத்திக் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, நோகுதோ என்று சைகையில் கேட்டேன். அவள் நாக்கை நீட்டிக் காட்டினாள். அடுத்த பல்கனிக் கதவு திறந்து பக்கத்து வீட்டு அன்ரி தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, வீட்டுக்குள்ள சண்டையோ? பிள்ளையை வெளியில விட்டிட்டு நிக்கிறீர்?"

நான் கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னேன். அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப காசும் குடுத்து அகதியாப் போறியள்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சோதனை முடிந்ததும் அந்தச் சப்பாத்துகள் மற்றச் சப்பாத்துகளோடு எங்கள் வாசலுக்கு வெளியே, நடைபாதையில் போய்ச் சேர்ந்தன. எங்கள் கட்டடத்தில் தமிழர் வீட்டை யாரும் இலக்கம் பார்த்துத் தேடுவதில்லை. செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடக்கிற கதவைத் தட்டினால் போதும். கட்டடத்தைப் பார்க்கிற சுப்பர் லிப்ட்டுக்குள் அறிவித்தல் ஒட்டிக்கொண்டே இருப்பார், நடைபாதையில் சப்பாத்து வைக்காதீர்கள், நெருப்புப் பிடித்தால் சனம் தடக்கி விழும் என்று. நாங்கள் அதை வாசித்துக்கொண்டே மேலே வந்து, வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவோம். றோட்டில் மிதித்த சப்பாத்தை வீட்டுக்குள் கொண்டுபோவதாவது! அது ஒரு யோசனையாகக்கூட எங்களுக்கு வந்ததில்லை.

பெப்ரவரி வந்தது. அந்தக் கனேடியப் பெண்ணும் அவருடைய புருஷனும் தங்கள் பெரிய வாகனத்தில் வந்து எங்களை ஏற்றினார்கள். புருஷன் நெடிய மனிதர், அதிகம் கதைக்காதவர். வடக்கே போகப் போக வீடுகள் தேய்ந்து, பிறகு இல்லாமலே போயின. வெறும் மரமும் வெள்ளையும். றேடியோவில் கடுங்குளிர், வெளியே தோல் தெரிய நிற்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, நல்ல காலநிலை, ஒரு முகில்கூட இல்லை என்று சந்தோஷப்பட்டார். முகில் இல்லாவிட்டால் இரவில் குளிர் இன்னும் இறங்கும் என்று அவர் புருஷன் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தாள்.

வாகனத்தை விட்டுவிட்டு, சாமானைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு, உறைந்த ஏரியொன்றின் கரைக்கு நடந்தோம். பனியை மிதித்து இறுக்கித் தளம் போட்டுக் கூடாரங்கள் இரண்டை அடித்தோம். அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. நெருப்பு மூட்டிச் சாப்பிட்டோம். அந்தப் பெண் எங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்துப் போத்தலில் ஊற்றிச் சிலீப்பிங் பாக்குக்குள் கால்மாட்டில் வைக்கவேண்டும். நாளைக்குப் போடுகிற உடுப்பையும் உள்ளே வைத்துக்கொண்டு படுக்கவேண்டும். பைக்குள் முகத்தை மூடி மூச்சு விடக்கூடாது, ஈரமாகிவிடும். நான் சோதனைக்குப் படிக்கிறவன் மாதிரி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். சப்பாத்தைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். எங்களுக்கும் அது கேட்கத் தேவையில்லாத விஷயமாக இருந்தது.

கூடாரத்துக்குள் புகுந்ததும் பேர்சிலிருந்த சின்னப் பிள்ளையார் படத்தை எடுத்து, லாம்பு கொளுவுகிற நூலில் செருகினேன். மனைவி வாசலில் குந்தியிருந்து தன் சப்பாத்தைக் கழற்றினாள். என்னுடையதையும் வாங்கினாள். நான்கையும் கூடாரத்துக்கு வெளியே பனியில் சோடி சோடியாக வடிவாக அடுக்கி வைத்துவிட்டுச் சிப்பை இழுத்து மூடினாள்.

"இப்பதான் வீடு மாதிரி இருக்கு," என்றாள்.

இருட்டில் ஏரி வெடித்தது. குளிரில் பனிக்கட்டி இறுகும்போது அப்படிச் சத்தம் போடுமென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தூரத்தில் எங்கேயோ தொடங்கிக் கரையில் எங்கள் காலடிவரை ஓடி வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் கையால் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தோம். அது ஊரில் வந்து விழுகிற ஷெல் குண்டு இல்லை என்று தெரிந்த பிறகும் நான் நெடுநேரம் விரல்களை அசைத்துக்கொண்டே கிடந்து, எப்படியோ நித்திரையாகிப் போனேன்.

விடியற்புறம் கண் விழித்தேன். உயிரோடு இருந்தேன். கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க எங்கள் மூச்சு வெள்ளை மாவாக உறைந்து ஒட்டியிருந்தது. பக்கத்துப் பை வெறுமையாகக் கிடந்தது. நான் எழும்பி இருப்பதற்கு முன் சிப் திறந்து மனைவி உள்ளே விழுந்தாள். ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன, ஆனாலும் சிரித்தாள்.

"சப்பாத்து கல்லாப் போச்சப்பா. உள்ளுக்க காலே போகேல்ல. குதியை மிதிச்சுக்கொண்டு இழுத்து இழுத்துப் போனன். பனி எல்லாம் உள்ளுக்க. அங்க போய் உந்த நாலு களிசானையும் அவிட்டு, திருப்பிப் போடக் கை விறைச்சுப்போச்சு. கடவுளே, நான் பட்ட பாடு!"

"கால் எப்பிடி இருக்கு?"

"முதல்ல உயிர் போற நோ. திரும்பி வரேக்க நிண்டிட்டுது. இப்ப ஒண்டும் இல்லை, சுகமாயிருக்கு."

அவள் சொன்னது எனக்கு அண்ணையின் குரலில்தான் கேட்டது. அவள் காலை இழுத்து, உறைந்து தடித்திருந்த சொக்ஸைக் கழற்றினேன். இரண்டு காலிலும் விரல்கள் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. இரத்தம் என்று ஒன்று அதற்குள் எப்போதாவது ஓடியதா என்று சந்தேகப்படுகிற வெள்ளை. பெருவிரலைப் பிடித்து அமத்தினேன். மரக்கட்டை.

"தெரியுதோ?"

"என்ன?"

"விரலை அமத்திறன், தெரியேல்லையோ?"

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பயத்தைக் கண்டதில்லை. அப்போது கண்டேன். அதைக் கண்டதும் எனக்கிருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் காடு அதிரக் கத்தினேன்.

அவர் ஓடி வந்து, தலையை உள்ளே நீட்டி, காலைப் பார்த்தார். எப்போதும் சிரித்துக் கதைக்கிற குரல் மாறிவிட்டது. தேய்க்க வேண்டாம், நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், உங்கள் வயிற்றில் வையுங்கள், வெறும் தோலில், இப்போதே என்றார். சொல்லிவிட்டுச் சாமான் கட்டப் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

நான் போட்டிருந்த எல்லாவற்றையும் நெஞ்சுவரை இழுத்துவிட்டு, "கெதியா வையும்," என்றேன். மனைவி காலை மடக்கித் தனக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, உங்கட மேல கால் வைக்கிறதோ? அதுவும் பிள்ளையாருக்கு முன்னால. கையால தேய்ச்சு விடுங்கோ, காணும்."

நித்திரையில் தெரியாமல் அவள் கால் என்மேல் பட்டால்கூட, அரைத்தூக்கத்தில் எழும்பி, என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பப் படுக்கிறவள் அவள். புத்தகத்தில் கால் பட்டாலும் அப்படித்தான். அது அவளுக்குப் பிறவியில் வந்தது.

"தேய்க்கக் கூடாதாம்! வையும் எண்டுறன்!"

"வைக்கமாட்டன். பாவம்."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. "விரலை வெட்டி எடுத்து வந்து சாமிப்படத்துக்குக் கீழ வைச்சுக் கும்பிடப் போறீரோ? பாவமாம் பாவம்! வையும் காலை!" என்று கத்தி, இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

உயிருள்ள ஒன்று பட்டதாகவே தெரியவில்லை. ஃபிறீஸரிலிருந்து எடுத்த மீன் பக்கற் இரண்டை வயிற்றில் வைத்த மாதிரி இருந்தது. என் உடம்பு முழுக்கத் துள்ளி ஓடப் பார்த்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையால் பொத்திப் பிடித்திருந்தேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே என் முழங்காலைத் தொடுவதும் கண்ணில் ஒற்றுவதுமாக இருந்தாள்.

"தெரியுதோ?"

"இல்லை."

திறந்து கிடந்த வாசலுக்கு வெளியே நான்கு சப்பாத்துகளும் தெரிந்தன. என்னுடையவை அவள் அடுக்கியபடியே, இரவுக் காற்று வாரிப்போட்ட பனி வாய்வரை நிரம்பி நின்றன. அவளுடையவை சரிந்து கிடந்தன. மைனஸ் நாற்பது வரைக்கும் தாங்குகிற சப்பாத்து. காலைச் சுற்றி இருந்தால் தாங்கும். நான் எவ்வளவு கேட்டேன், எவ்வளவு தடவிப் பார்த்தேன், ஒஷாவாவரை போனேன்! அந்தப் பெண்ணின் புருஷன் வந்து அவற்றைக் கண்டு நின்றார். ஒன்றைத் தூக்கித் தலைகீழாகத் தட்டினார். ஏன் வெளியே வைத்தீர்கள் என்று கேட்டார், கோபமில்லாமல், உண்மையாகவே விளங்காமல். அது வாசல், அதுதான் என்றேன்.

"தெரியுதோ?"

"இல்லை."

அவள் டேகெயரில் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு ஓடுவது ஞாபகம் வந்தது. நான் கூட்டிவரப் போகிற நாட்களில் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறேன், வெறும் சொக்ஸோடு, பிள்ளைகளைவிட வேகமாக ஓடுவாள். இனி ஓடமாட்டாள் என்று எனக்குள் ஒன்று சொல்லியது. பிள்ளையாரைப் பார்த்தேன். அவரும் மூச்சுப் பனி படிந்து வெள்ளையாக இருந்தார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"தெரியுதோ?"

அவள் நெற்றி சுருங்கியது. "இஞ்சேருங்கோ," என்றாள். "ஊசி குத்துற மாதிரி..."

பிறகு "அம்மா" என்றாள். பிறகு கூடாரம் கிழியக் குழறினாள். "நோகுது! ஐயோ, நோகுதப்பா, நெருப்புக்குள்ள வைச்ச மாதிரி நோகுது, தாங்கேலாது, காலை விடுங்கோ!"

நான் விடவில்லை. "நல்லா நோகுதோ?"

"ஓம்! விடுங்கோ!"

"எல்லா விரலுமோ? சின்ன விரலும் நோகுதோ?"

"எல்லாம் நோகுது! உங்களுக்கென்ன விசரே, ஏன் சிரிக்கிறியள்?" என்று என் தலையிலும் தோளிலும் குத்தத் தொடங்கினாள். நான் சிரித்தேனோ அழுதேனோ எனக்குத் தெரியாது. குத்தக் குத்த, இன்னும் நோகுதோ, இன்னும் நோகுதோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சப்பாத்துகளின் உள்ளே இருந்த கம்பளியை அந்தப் புருஷன் தன் ஜக்கெற்றுக்குள் வைத்து இளக்கிக் கொண்டுவந்தார். அவளைச் சறுக்குப் பலகையில் இருத்தி, இழுத்துக்கொண்டு வாகனத்துக்குப் போனோம். வழியில் இருந்த ஊரில் டொக்ரர் பார்த்தார். விரல்கள் கொப்பளித்து, தோல் உரிந்து, கன நாள் சிவந்து கிடந்தன. பத்தும் இருந்தன. அதற்குப் பிறகு எங்கள் சப்பாத்துகள் கதவுக்கு உள்ளே வந்துவிட்டன. தன்னுடைய அறிவித்தலுக்குத்தான் நாங்கள் திருந்தினோம் என்று சுப்பர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.

என் பயம் போகவில்லை. இப்போதும் நவம்பர் பிறந்தால் ஒதுங்கத்தான் தொடங்குவேன். முதல் குளிர் விழுகிற அன்று, கட்டிலில் அவளுடைய இரண்டு பாதங்களும் கேட்காமல் கொள்ளாமல் என் பெனியனுக்குள் நுழைந்து வயிற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும். தொட்டுக் கண்ணில் ஒற்றுவதெல்லாம் இப்போது இல்லை. நான் இருட்டில் கையை விட்டு, விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்ப்பேன்.

"நோகுதப்பா," என்பாள் அவள். அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வரும்.